மணல் ஏன் வெள்ளையா இருக்கு?

எனக்கு வேலையே தூசியோடுதான். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பொறியாளராக இருக்கிறேன். தலை முதல் கால் வரை வெள்ளை அங்கி மாட்டி, வாசலில் காற்றால் ஒரு குளியல் போட்டு, அதன் பிறகுதான் உள்ளே விடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகள் விழுந்தால் ஒரு சில்லு வீண். பத்து வருடம் இப்படி வேலை பார்த்தவனுக்கு அழுக்கு என்றாலே பகை. அந்தப் பகையை வீட்டுக்கும் கொண்டுவந்து, 2024இல் என் அத்தாவின் மீன் தொட்டியைக் கொன்றேன்.

தொட்டியைக் கொல்வதாவது, மீனைத்தானே கொல்ல முடியும் என்று கேட்பீர்கள். அன்று வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் வீடு ஜார்ஜ்டவுனில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் ஒரு பழைய கடைவீடு. பெரியவர்கள் இன்னும் 'பிட் ஸ்ட்ரீட்' என்றுதான் சொல்வார்கள். ஒரு முனையில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், பிறகு சாம்பிராணிப் புகை மாறாத சீனர்களின் குவான் யின் கோயில், சாலைக்கு முதுகைக் காட்டி நிற்கும் மகா மாரியம்மன் கோயில், அப்புறம் 1801இல் தொடங்கிய எங்கள் பள்ளிவாசல். நாணயம் மாற்றுபவர்களும் நகைக்கடைக்காரர்களும் நிறைந்த தெரு. அதில் அத்தா முப்பது வருடத்துக்கு மேல் கைலி, சொங்கோ, அத்தர் விற்றார். பழைய வாடகைக் கட்டுப்பாடு 1999 முடிவோடு நீங்கியதும், சுற்றி இருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிவிட்டன. அவர்கள் வாழ்ந்த வீடுகளில் இன்று காப்பிக் கடைகளும் தங்கும் விடுதிகளும் இருக்கின்றன. நாங்கள் எப்படியோ ஒட்டிக்கொண்டு இருக்கிறோம்.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது அத்தா கடையைச் சாத்தினார். பிறகு திறக்கவேயில்லை. காலையில் எழுந்து, குளித்து, சட்டை மாட்டி, பூட்டிய கடைக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். பார்க்கப் பொறுக்காமல், கட்டுப்பாடு தளர்ந்ததும் நான்தான் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கிக் கொடுத்தேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தங்கமீன் நாலு விட்டுப் பொழுதைப் போக்குவார் என்பது என் கணக்கு. அவரோ ஆயர் ஈத்தாமில் இருக்கும் தன் நண்பர், ஓய்வு பெற்ற சீன ஆசிரியர் ஒருவரிடம் போய் யோசனை கேட்டுவிட்டு, "உப்புத் தண்ணி வைக்கிறேன்" என்றார்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அலை எழுப்ப ஒரு மோட்டார், நுரை தள்ளும் வடிகட்டி, தண்ணீர் சூடாகாமல் இருக்க மேலே விசிறி. "மீனுக்கு ரெண்டு காத்தாடி, எனக்கு ஒண்ணு" என்று இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

மேல்மாடியில் பலகைத் தரை. தண்ணீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் கால் டன் எடை வரும் என்பதால் கீழே, கடையின் பின்பக்கச் சுவரோரம் தொட்டியை வைத்தோம். அத்தா முதலில் கற்களை வைத்தார், அப்புறம்தான் மணலைப் போட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. தண்ணீர் ஊற்றி, ஒரு மீனும் விடாமல் ஐந்து வாரம் வெறும் கல்லையும் மணலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது.

நாலு வருடத்தில் தொட்டியில் ஐந்து உயிர்கள் நிலைத்தன. இரண்டு கோமாளி மீன்கள், என் மகளுக்கு அவை நீமோவும் நீமோவின் தம்பியும். கோடு போட்ட ஒரு சின்ன ராஸ் மீன். பிறகு ஒரு கோபி மீனும் அதன் கூட்டாளியான பிஸ்டல் இறாலும். இந்த ஜோடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சலிக்காத வேடிக்கை. இறாலுக்குக் கண் பார்வை மிகக் குறைவு. அது நாள் முழுக்க மணலைத் தோண்டி வளை போடும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் மீசையைக் கோபியின் மேல் வைத்துக்கொண்டுதான் வரும். ஆபத்து என்றால் கோபி வாலைச் சிலிர்க்கும், இரண்டும் உள்ளே ஓடிவிடும். இரவில் அந்த இறால் கொடுக்கைச் சொடுக்கினால் 'டக்' என்று கண்ணாடியில் கல் பட்டது போல் கேட்கும். தூக்கம் வராத இரவுகளில் அத்தா இருட்டில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

2024இல் அத்தாவுக்கு நெஞ்சு வலி வந்து இருதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் இருந்தார். சிகிச்சை நல்லபடி முடிந்து அவர் கண் விழித்த செய்தி வந்த சனிக்கிழமை, மகிழ்ச்சியில் எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. அத்தா வரும்போது தொட்டி புதிதாக ஜொலிக்க வேண்டும் என்று தோன்றியது. மணல் பழுப்பேறிக் கிடந்தது. கல்லெல்லாம் ஊதாவும் பச்சையுமாகப் படை. கண்ணாடியின் அடியில், மணல் ஓரத்தில் கறுப்பாக ஒரு கோடு. தொழிற்சாலையில் இப்படி எதையாவது பார்த்தால் வேலையை நிறுத்திவிட்டு அறிக்கை எழுதுவேன்.

மீன்களையும் இறாலையும் வாளியில் விட்டேன். மணலை முழுக்க அள்ளிக் குளியலறையில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டு, அரிசி களைவது போலக் களைந்தேன். ஏழு தடவை. கறுப்பு மணலைக் கிளறியபோது அழுகிய முட்டை நாற்றம் வந்தது. பார்த்தாயா, எவ்வளவு அழுக்கு என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். கற்களைப் பிரஷ்ஷால் தேய்த்தேன். இடுக்குகளிலிருந்து குட்டிப் புழுக்களும் நட்சத்திரம் போன்ற நுண்ணிய ஜீவன்களும் வந்து விழுந்தன. பூச்சி என்று தண்ணீரோடு போக விட்டேன். வடிகட்டியின் பஞ்சையும் விடவில்லை. பிறகு புதிய உப்பைக் கரைத்து ஊற்றினேன். அளவுக் கருவியில் 1.025, வெப்பம் 27 பாகை. பொறியாளன் அல்லவா, அளக்காமல் விடுவேனா?

ஞாயிறு காலை தொட்டி கடை விளம்பரம் போல இருந்தது. படம் எடுத்து வைத்தேன்.

திங்கள் இரவு மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவ்வாய்க்கிழமை முதலில் இறால் போனது. பிறகு ராஸ். அம்மோனியா பார்க்கும் சொட்டு மருந்து அத்தாவின் பெட்டியில் இருந்தது. மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் பச்சையாகியது. அன்று இரவே பாதித் தண்ணீரை மாற்றினேன், புதன்கிழமையும் மாற்றினேன். வியாழன் காலை கோபியும் கோமாளிகளும் மணல் மேல் கிடந்தன. அந்த வெள்ளை மணலில் அவற்றின் நிறம் ரொம்பவும் பளிச்சென்று தெரிந்தது. மகள் பள்ளி விட்டு வருவதற்குள் எடுத்துவிட்டேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கடைக்குப் போய் அதே அளவில் இரண்டு கோமாளி மீன்களை வாங்கி வந்தேன். நெற்றிப் பட்டையின் அகலம் வரை கைப்பேசியில் இருந்த பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். மற்றவை கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். இரவுதோறும் பாதித் தண்ணீரை மாற்றி, அத்தா வீட்டுக்கு வரும் வரை அந்த இரண்டையும் உயிரோடு வைத்திருந்தேன்.

அத்தா வந்தார். மெலிந்து, நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, அடி மேல் அடி வைத்து. நேரே தொட்டிக்குத்தான் போனார். மீன்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"மணல் ஏன் வெள்ளையா இருக்கு?"

நான் பேசவில்லை.

"பைப்புத் தண்ணியிலயா கழுவுனே?"

"ஆமா அத்தா."

"எல்லாத்தையுமா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் கண்ணாடிப் பக்கம் காதை வைத்து நின்றார். மோட்டார் சத்தம் மட்டும் வந்தது. அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றும் கேட்கவில்லை என்று உறுதியானதும் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மொதல்ல அந்த ரெண்டையும் வெளிய எடு, பாவம். வாத்தியாருக்குப் போன் போடு" என்றார்.

அன்று மாலையே ஆயர் ஈத்தாம் நண்பர் வந்து இரண்டு மீன்களையும் தன் தொட்டிக்குக் கொண்டுபோனார். போகும்போது என் தோளைத் தட்டி, "எல்லாரும் ஒருமுறை செய்வார்கள்" என்று மலாயில் சொன்னார். சமாதானத்துக்குச் சொன்னாரா, உண்மையிலேயே அவரும் செய்தவர்தானா என்பது தெரியாது.

நெஞ்செலும்பு கூடும் வரை அத்தா எடை தூக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீர் கூடாது. ஆகவே அடுத்த இரண்டு மாதம் அவர் நாற்காலியில், நான் வாளியோடு. நாங்கள் இருவரும் அவ்வளவு நேரம் சேர்ந்து இருந்தது நான் சின்னப் பையனாகக் கடையில் கைலி மடித்த காலத்தில்தான்.

முதலில் நான் கொன்றது என்ன என்பதைச் சொன்னார். மீனின் செவுளிலிருந்து எந்நேரமும் அம்மோனியா வெளியேறிக்கொண்டே இருக்கும். மிஞ்சிய தீனியும் கழிவும் அழுகினாலும் அதுதான். கடலில் அது கலந்து காணாமல் போகும். 150 லிட்டரில் எங்கே போகும்? கல்லின் துளைகளிலும் மணலின் ஒவ்வொரு பருக்கையிலும் ஒட்டி வாழும் ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அதை மீன் ஓரளவு தாங்கும். 19ஆம் நூற்றாண்டின் முடிவிலேயே செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் வயல் மண்ணில் கண்டுபிடித்துச் சொன்ன சங்கதி இது. பள்ளிப் பாடத்தில் நைட்ரஜன் சுழற்சி என்று படம் வரைந்து மதிப்பெண் வாங்கியவன் நான். வீட்டுக்குள் அது நடந்துகொண்டிருந்தது தெரியவில்லை.

"சம்பளம் கேக்காத வேலையாளுங்க தம்பி. கோடிக்கணக்குல. நீ எல்லாரையும் குளோரின் ஊத்தி அனுப்பிட்டே" என்றார் அத்தா. குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுவதே கிருமியைக் கொல்லத்தானே. குளோரின் இல்லாவிட்டாலும் நல்ல தண்ணீரே போதும், உப்பில் வாழும் புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் அதுவே எமன். செத்தவை கல்லின் துளைக்குள்ளேயே அழுகி இன்னும் அம்மோனியாவைக் கூட்டின. அள்ளிப் போட வேலையாள் இல்லாத வீட்டில் குப்பையும் இரண்டு மடங்கு.

கடல்மீனை நம்மவர்கள் இப்படி வளர்க்கக் கற்றது ரொம்பப் பழைய கதையும் இல்லை. ஜகார்த்தாவில் இருந்த லீ சின் எங் என்பவர், பெரிய எந்திரம் எதுவும் இல்லாமல், கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கற்களையும் காற்றுக் குமிழியையும் மட்டும் வைத்துத் தொட்டி நடத்தினார். 1961இல் அதைப் பற்றி அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். இன்று உலகம் முழுக்க கடல்நீர்த் தொட்டியில் கல் வைப்பதற்கு அவர் ஒரு முன்னோடி. அடுத்த ஊர்க்காரர் என்பதில் அத்தாவின் நண்பருக்கு ஒரு தனிப் பெருமை.

ஆனால் அத்தா கடல் கல்லை வாங்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதையும் அந்த இரண்டு மாதத்தில்தான் கேட்டேன்.

அத்தா பிறந்தது கீழக்கரைக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் கிராமம். பன்னிரண்டு வயதில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி இங்கே வந்தவர். ஊரில் பழைய வீட்டுச் சுவரெல்லாம் முருகைக்கல். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாரிலிருந்து வள்ளத்தில் ஏற்றி வந்து, சுவருக்கு வைத்ததுபோக மிச்சத்தைச் சுண்ணாம்புக் காளவாயில் போடுவார்களாம். "சின்னப் பிள்ளையில நாங்களும் வள்ளத்துல இருந்து கல்லு இறக்கி இருக்கோம். ஈரக் கல்லு. உள்ள நண்டு ஓடும், சின்ன மீனு துடிக்கும். அது கல்லுன்னுதான் நெனைச்சோம்." பின்னாளில் சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்குமாகக் கல் எடுப்பு இன்னும் பெருகியது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருந்த 21 தீவுகளில் இரண்டு இன்று கடலுக்கு அடியில். 1986இல் அங்கே கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். 2001இல் பவளத்தை இந்திய வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குச் சமமாகச் சேர்த்தார்கள். கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் அள்ளி வந்த இடத்துக்குத் திரும்பக் கல் போகிறது.

அதனால் அத்தாவின் தொட்டியில் இருந்தது எல்லாம் செயற்கையாகச் செய்த துளைக்கல். நண்பர் தொட்டியிலிருந்து கைப்பிடி அளவு ஒரே ஒரு பழைய கல்லை வாங்கி நடுவில் வைத்தாராம். தயிருக்கு உறை ஊற்றுவது போல. அந்த ஒன்றிலிருந்து மற்ற கற்களுக்கெல்லாம் உயிர் பரவ நாலு வருடம் ஆனது. அந்த ஊதாப் படையைத்தான் நான் பிரஷ்ஷால் தேய்த்திருந்தேன்.

மணல் விஷயத்திலும் அத்தாவுக்குத் தெளிவு இருந்தது. தொட்டி வாங்கிய புதிதில் என் மகள் பத்து பெரிங்கி கடற்கரை மணலை வாளியில் அள்ளிக்கொண்டு வந்தாள். அது வேண்டாம் என்றுவிட்டார். பினாங்கு கிரானைட் மலை. அதன் மணலும் கருங்கல் உடைந்த மணல்தான். தொட்டிக்கு ஏற்றது பவளமும் சிப்பியும் பொடிந்த சுண்ணாம்பு மணல். தண்ணீர் புளிப்பேறாமல் பார்த்துக்கொள்ள அது ஓரளவு உதவும். எங்கள் வீட்டுச் சுவரைக் காட்டி, "இதுவும் அதுவும் ஒரே சாமான்" என்றார். பழைய கடைவீடுகளின் பூச்சு சுண்ணாம்பு. நீறாகப் பூசியது காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித் திரும்பவும் கல்லாகிவிடுகிறது. 2008இல் ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகு, பழைய வீடுகளைச் செப்பனிடும்போது சிமெண்டை உரித்துவிட்டு மறுபடி சுண்ணாம்பே பூசச் சொல்கிறார்கள். சிமெண்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லை, உப்புப் பூத்து உதிரும். மூச்சு விட வேண்டியதை அடைக்கக் கூடாது என்று அத்தா சொன்னது சுவரைத்தான்; என் காதில் மணலைச் சொன்னதாக விழுந்தது.

வேலை முறைக்கு வருகிறேன். நண்பர் கொடுத்த ஒரு கோப்பை ஈர மணலையும் கைப்பிடிக் கல்லையும் வைத்து மறுபடி தொடங்கினோம். மீன் இல்லாத தொட்டிக்கு ஒரு சிட்டிகை தீனி மட்டும் அவ்வப்போது. வேலையாட்களுக்குச் சாப்பாடு வேண்டுமே. முதலில் அம்மோனியா ஏறி இறங்கியது, பிறகு நைட்ரைட் ஏறி இறங்கியது. மூன்றாவது வாரம் மணல் முழுக்கக் காப்பித்தூள் தூவியது போலப் பழுப்புப் படை. என் கை பரபரத்தது. "தொடாதே. இது டயட்டம். புதுத் தொட்டிக்கு வர்ற அம்மை. தானாப் போயிடும்" என்றார் அத்தா. போய்விட்டது. பிறகு பச்சைப் பாசி. அதற்கு நாலு நத்தை விட்டோம்.

சுத்தம் செய்வதே கூடாது என்பதும் இல்லை. அந்த எல்லைக்கும் சிலர் போய்விடுகிறார்கள். மணல் பல விரற்கடை ஆழம் இருந்தால் அடியில் ஆக்சிஜன் இருக்காது. அங்கே வாழும் வேறு வகை பாக்டீரியா நைட்ரேட்டைப் பிரித்து நைட்ரஜன் வாயுவாக விட்டுவிடும். 1980களில் மொனாக்கோவில் ழான் ஜோபேர் ஆழ்மணலை வைத்தே தொட்டி நடத்திக் காட்டினார். ஆனால் அப்படிப்பட்ட மணலைக் கிளறக் கூடாது. கறுத்த அடி மணலில் ஹைட்ரஜன் சல்பைடு சேர்ந்திருக்கும். நான் குளியலறையில் முகர்ந்த முட்டை நாற்றம் அதுதான். தொட்டிக்குள் வைத்துக் கிளறியிருந்தால் மீன்கள் செவ்வாய்க்கிழமை வரைகூடத் தாங்கியிருக்கா. அத்தா இந்த முறை மூன்று சென்டிமீட்டர் மணல்தான் போடச் சொன்னார். ஆழமில்லாத மணலில் கசடு தங்கும், தங்கினால் நைட்ரேட்டும் பாசியும் கூடும். அதனால் அதைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக.

தொட்டியை மனதில் மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். இடது, நடு, வலது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 20 லிட்டர் தண்ணீர் மாற்றும்போது ஒரு பங்கு மணலை மட்டும் குழாயால் உறிஞ்ச வேண்டும். குழாயின் அகன்ற வாயை மணலில் குத்தினால் மணல் சுழன்று எழும்பும். அழுக்கு இலேசு, மேலே போகும். மணல் வாய்க்கு அருகில் ஏறும்போது கட்டை விரலால் குழாயை மடித்துப் பிடித்தால் மணல் மட்டும் கீழே விழும். இந்தக் கட்டை விரல் கணக்கு எனக்கு வர ஒரு மாதம் ஆனது. முதல் நாள் அரை கிலோ மணலை வாளிக்குள் இழுத்துவிட்டேன். மற்ற இரண்டு பங்கில் இருக்கும் வேலையாட்கள் மூன்றாவது பங்குக்கும் சேர்த்து உழைப்பார்கள், அதற்குள் அங்கே புது ஆள் பெருகிவிடும்.

கல்லுக்கு பிரஷ் கிடையாது. கேக்குச் சாமான் கடையில் கிடைக்கும் ரப்பர் உருண்டை மாட்டிய நீளக் குழலால் இடுக்குகளில் தண்ணீரைப் பீய்ச்சினால் தூசி மேகம் போலக் கிளம்பும். அது அடங்குவதற்குள் உறிஞ்சிவிட வேண்டும். பாசி பிடித்து எடுத்தே ஆக வேண்டிய கல் என்றால், தொட்டியிலிருந்து எடுத்த அதே உப்புத் தண்ணீர் வாளியில் அலசி, உடனே திரும்ப வைக்க வேண்டும். வடிகட்டிப் பஞ்சுக்கும் அதே வாளிதான். கற்களைச் சுவர் போல் அடுக்காமல் இடைவெளி விட்டு வைத்தால் பின்னால் அலை போகும், கசடு குவியாது. கற்களை முதலில் கண்ணாடித் தரையிலேயே ஊன்றி அப்புறம் மணல் போடுவது ஏன் என்றும் இப்போது கேட்டேன். மணல் மேல் கல் இருந்தால், இறால் அடியில் தோண்ட, ஒரு நாள் கல் சரிந்து அதன் தலையிலேயே விழும்.

"இத்தனையும் எதுக்குச் செய்யறோம் தெரியுமா? தீனி கூடப் போடறதால. மணல் அழுக்காறது இந்த ரெண்டு விரல்லதான் ஆரம்பிக்குது" என்று அத்தா தன் விரலைக் காட்டினார். அவர் இல்லாத நாட்களில் என் மகள் பாசத்தோடு மூன்று வேளை கொட்டியிருந்தாள். அவளிடம் இதைச் சொல்லவில்லை. அவள் பங்கு மிகச் சிறியது.

மகளிடம் மீன்களைப் பற்றி ஒரு வழியாகச் சொன்னேன். பொய் சொன்னதற்குத்தான் அவளுக்குக் கோபம். இரண்டு நாள் பேசவில்லை.

ஏழாவது வாரம் ஆயர் ஈத்தாமிலிருந்து கோமாளிகள் திரும்பி வந்தன. கோபியும் இறாலும் வர இன்னும் இரண்டு மாதம் ஆனது. அதற்கு முன் விடக் கூடாது என்று அத்தா பிடிவாதமாக இருந்தார். வந்த மூன்றாம் நாள் இரவு, இருட்டில் நாற்காலியிலிருந்து அத்தா என்னைக் கூப்பிட்டார். நான் ஓடிப் போனேன், வலியோ என்று. உதட்டில் விரல் வைத்துத் தொட்டியைக் காட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, டக்.

அத்தா இப்போது வாளி தூக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் தூக்குவதில்லை. நான் செய்யச் செய்ய, "இன்னும் கொஞ்சம் மேல புடி" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்வதில் ருசி கண்டுவிட்டார்.

போன மாதம் உப்பு அளக்கும் கரண்டியைத் தேடித் தொட்டி மேசையின் இழுப்பறையைத் திறந்தேன். கடைக் காலத்து நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. கைலி வரவு செலவு முடிந்த பக்கத்துக்குப் பிறகு, 2020இலிருந்து தேதி போட்டு ஒற்றைச் சொற்கள். இடது. நடு. வலது. இடது. நாலு வருடம், ஒரு முறைகூட விடாமல். அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் 'நடு' என்று இருந்தது. அதற்குக் கீழே, நான் மணல் களைந்த அந்தச் சனிக்கிழமையின் தேதி. வீட்டுக்கு வந்த பிறகு, கை நடுங்கும் எழுத்தில் எழுதியிருக்கிறார்: "மூன்றும். மகன்."

அதன் பிறகு பக்கம் காலியாகவே இருந்தது. இப்போது மகள் எழுதுகிறாள். நேற்று 'வலது'. இன்னும் இரண்டு வாரத்தில் இடது பங்கு. அதற்கு முந்தின இரவே உப்பு கரைத்து வைத்துவிட வேண்டும், 20 லிட்டருக்கு 700 கிராம்.